சிறுமலை இறக்கத்தில் நீ நடந்த தூரம்

வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணி சிக்னலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பூ மார்க்கெட்டுக்குத் திரும்ப ஒரு மினி லாரி காத்திருந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு மாறி லாரி நகர்ந்ததும் வந்த காற்றில் மரிக்கொழுந்து மணந்தது. "மரிக்கொழுந்து" என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்று பின்சீட்டிலிருந்து பதில் வரவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர்தான் கத்தினார். "யக்கா, கெளம்புறீங்களா, இல்ல இங்கனயே குடியிருக்கப் போறீங்களா?"

நான் வேலை பார்க்கிற கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டைப் போடும்போது முடிவு செய்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சிறுமலை. நீ போனபிறகு மற்ற ரோடுகளுக்கெல்லாம் போய்விட்டேன். கீழக்குயில்குடிக்குப் போனேன், அழகர்கோவில் போனேன், ஆண்டிபட்டிக் கணவாயைக்கூடத் தாண்டிப் போய்வந்தேன். சிறுமலைக்குப் போகிற நத்தம் ரோட்டில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் திரும்பிவிடுவேன். இனிமேல் காரணம் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

தல்லாகுளத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு. நீ உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். நான் மதுரை மகாலுக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வாசலில் தமிழும் பேசி வளர்ந்தவள். கணவரை இழந்து, ஒரே மகளை வைத்துக்கொண்டு குடிவந்த உன்னைத் தெருவே திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அந்த மோட்டார் சைக்கிள். கால்நடைத் துறையில் உனக்கு ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுகிற வேலை. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கறுப்பு வண்டியை ஒரே உதையில் கிளப்பிப் போவாய். ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "அது கம்மாக்கரையில ஏறாதுத்தா. மாடு ரோட்டோரமாவா நிக்கிது?" என்றாய்.

நம் முதல் பயணம் நினைவிருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "சும்மாத்தான நிக்கிற? ஏறு, வைகை டேம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாய். சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்தேன். இறக்கிவிட்டுவிட்டாய். "இப்படி உக்காந்தா வளைவுல நான் சாய முடியாது. போயி சுடிதார் மாத்திட்டு வா." என் வீட்டுக்காரர் கதவோரம் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோமா என்று கேட்டார். "வரலைன்னா நீங்களே உலை வச்சு வடிச்சிருங்கண்ணே, ஒண்ணும் ஆயிறாது" என்றாய். நாம் வரவில்லை. அவர் வடித்தார். அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் வடிக்கிறார். சோறு குழைந்து போனால் இன்றைக்கும் உன்னைத்தான் திட்டுகிறார்.

அந்த நாட்களில் நீ எங்கும் நிற்க மாட்டாய். செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி என்று ஊர்கள் காதோரம் ஓடும். காற்றாலைகள் சுற்றுவதைப் பார்க்க ஒரு நிமிடம் நிறுத்து என்றால், "திரும்பி வர்றப்பப் பாத்துக்கலாம்" என்பாய். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். அணை வந்தால் ஒரு டீ, கொடைக்கானல் ரோட்டில் வத்தலக்குண்டு வந்தால் ஒரு டீ. அதற்குமேல் நின்றால் உனக்குக் கால் அரிக்கும். உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நான் பார்த்ததெல்லாம் உன் ஹெல்மெட்டின் பின்பக்கமும் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் உலகமும்தான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வாரம் முழுக்க கோர்ட்டில் யார் யாரோ சொல்வதைத் தட்டச்சு செய்கிற எனக்கு, யாரும் எதுவும் சொல்லாத அந்தக் காற்று பெரிய ஓய்வு.

கணவாயில்தான் முதலில் தெரிந்தது. இடது பக்கத்திலிருந்து ஓர் ஆடு சாவகாசமாக நடந்து வந்து ரோட்டில் ஏறியது. நான் அதை எப்போதோ பார்த்துவிட்டேன். நீயும் பார்த்திருப்பாய் என்று சும்மா இருந்தேன். கடைசி நொடியில் பிரேக் அடித்தாய். ஆடு தப்பித்தது, வண்டியும் விழவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, "அது எங்கிட்டிருந்துடி வந்துச்சு?" என்று கேட்டாய்.

"பக்கத்துல இருந்துதான். நல்லாத் தெரிஞ்சுச்சே."

மறுபடி வண்டியைக் கிளப்பினாய். மதுரை வரைக்கும் மெதுவாக ஓட்டினாய். நீ மெதுவாக ஓட்டியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது, போன பார்வை போனதுதான், இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர். சொட்டு மருந்து போட்டாய், அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டாய். ஓரங்கள் முதலில் போயின. பிறகு ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் மங்கியது. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி உன் வீட்டுக்குள் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாய். சாவியை நீட்டினாய்.

"இந்தா. இனிமே நீதான் ஓட்டணும்."

"எனக்குச் சைக்கிளே ஒழுங்கா வராதுடி."

"சைக்கிள் யாரு கேட்டா? ஞாயித்துக்கெழம வருதுல்ல?"

அழுவாய் என்று எதிர்பார்த்து, உனக்குச் சொல்வதற்கு நாலு ஆறுதல் வார்த்தைகளை நான் தயார் செய்து வைத்திருந்தேன். நீ அவற்றுக்கு இடமே கொடுக்கவில்லை.

கோடையில் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள்தான் பழகினேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில், முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு. நீ கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாய். "இன்ஜின் முக்குது பாரு, கியரைக் கொற." நான் விழுந்தால், "எந்தப் பக்கம் விழுந்த?" என்பாய். இடது பக்கம் என்றால், "அப்பச் சரி, சைலன்சர் சுட்டிருக்காது, எந்திரி." மாடு மேய்க்க வந்தவர்கள் உன்னை ஏற்கெனவே தெரிந்தவர்கள். "ஊசி போடுற அக்கா, அந்தம்மாவுக்கு ஏன் இந்த வேண்டாத வேல?" என்று சிரித்தார்கள். "இவ ஓட்டலைன்னா நான் வீட்டுல கெடந்து சாகணும்ணே" என்று நீயும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அதைக் கேட்டபிறகு நான் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன். லைசென்ஸ் எடுக்கப் போனபோது முதல் தடவை எட்டுப் போட வரவில்லை. இரண்டாம் தடவை போட்டேன்.

முதல் ஞாயிறு உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் போனோம். அப்பன்திருப்பதி தாண்டியதும் என் தோளைத் தட்டினாய்.

"என்ன தெரியுது?"

"ரோடு."

"ரோடு எனக்கே தெரியுதுடி, குலுக்குற குலுக்குல. வேற?"

"மரம்."

"என்ன மரம்?"

எனக்குத் தெரியவில்லை. நெருக்கமான தெருக்களில் வளர்ந்த எனக்கு வேம்பும் புளியும் தெரியும், மற்றதெல்லாம் மரம். நீ விடவில்லை. நிறுத்தச் சொன்னாய். இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய், பட்டையைத் தடவினாய், ஓர் இலையைக் கசக்கி மோந்தாய். "மருத மரம்டி" என்றாய். "பட்டை வழுவழுன்னு வெளுப்பா இருக்கா?" ஆமாம், இருந்தது. மரத்துக்கு நிறம் உண்டு என்பதையே அன்றுதான் கவனித்தேன் என்று சொல்லலாம்.

அதிலிருந்து நம் பயணமே மாறிப்போனது. எங்குமே நிற்காத நீ, எல்லா இடத்திலும் நிற்க ஆரம்பித்தாய். எனக்குப் பெயர் தெரியாதது எது வந்தாலும் நின்றாக வேண்டும். கீழக்குயில்குடியில் மலையைப் பற்றி நான் சொல்லத் திணறியபோது, வெயில் ஏறாத காலை நேரத்தில் பாறையில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "ராத்திரிக் குளுரு இன்னும் உள்ள இருக்குத்தா" என்றாய். குளத்தில் தாமரை எத்தனை நிறம் என்று கேட்டாய். ஒரே நிறம்தான் என்றேன். "நல்லாப் பாரு, ஓரத்துல வெளிறி இருக்கும்" என்றாய். இருந்தது. கணவாயில் ஆடி மாதக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாய். காற்றாலைகளின் இறக்கை சுற்றும் சத்தம் கேட்கிறதென்றாய். எனக்குக் கேட்கவில்லை. எந்த இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று நான் சொல்ல, நீ சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாய்.

சொல்வது எனக்கு லேசாக வரவில்லை. அழகா இருக்கு, பச்சையா இருக்கு என்று ஆரம்பித்தால், "அழகுன்னா எப்படி இருக்கு?" என்று மடக்குவாய். சில நாட்களில் கோபமும் படுவாய். ஒரு தடவை திருவாதவூர் ரோட்டில், "நீ பாக்குறதே இல்லடி, பாக்குற மாதிரி ஓட்டிட்டுப் போற" என்று சொல்லிவிட்டு மதுரை வரும்வரை பேசவில்லை. அந்தக் கோபம் என் மேல் இல்லை என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

வைகை அணையில் நடந்தது உனக்கும் எனக்கும் பிடித்த கதை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ மதகின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாய். குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் தன் மனைவியிடம், நமக்கும் கேட்கிற மாதிரி, "கண்ணு தெரியாதவுகளக் கூட்டியாந்து என்னத்தப் பாக்கப் போறாக, பாவம்" என்றார். நீ திரும்பினாய்.

"அண்ணே, நீங்க பாத்துட்டீங்கள்ல? தண்ணி என்ன நெறத்துல இருக்கு?"

அவர் தடுமாறினார். "தண்ணி... தண்ணி நெறத்துலதான்."

"மதகுகிட்ட செம்மண் கலந்து டீ மாதிரி இருக்கு. தள்ளிப் போகப் போகப் பச்சையாவுது. நடுவுல ஒரு மரம் மொட்டையா நிக்கிது, அதுல நாலஞ்சு நாரை. இவ சொன்னா."

அவர் மனைவி முதலில் சிரித்தார், பிறகு அவரும் சிரித்தார். பிள்ளைகள் நாரையைத் தேடிக் கம்பியோரம் ஓடின.

உன் மகள் சுகன்யா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி, வங்கி வேலையோடு மதுரையிலேயே அண்ணா நகரில் இருந்தாள். ஒரு ஞாயிறு காலை நாம் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"சித்தி, ஒங்கமேல எனக்குக் கோவமில்ல. ஆனா மலையில ஏறுறப்ப ஒங்களுக்கு ஒண்ணுன்னா அம்மாவால என்ன பண்ண முடியும்? அம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நியாயமான கேள்வி. நீதான் பதில் சொன்னாய். "நான் செத்தா அழு. அதுக்கு முன்னால அழாத." சொன்ன வேகத்தில் உனக்கே அது கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். கையை நீட்டி அவள் முகத்தைத் தேடிப் பிடித்து, "சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வந்து போன் போடுறேன். சரியா?" என்றாய். அவள் வழிவிட்டாள். ஆனால் அதன்பிறகு வெகுநாள் என்னிடம் பேசவில்லை.

அதற்கு அடுத்த கார்த்திகையில்தான் சிறுமலை.

மழை விட்டு வெயில் அடித்த காலை. நத்தம் ரோட்டில் மாந்தோப்புகள் கழுவிவிட்ட மாதிரி நின்றன. மலை ஏறும்போதே நீ பேச்சை நிறுத்திவிட்டாய். பார்வை இருந்த காலத்தில் உனக்கு ரொம்பப் பிடித்த ரோடு அது. மேலே கிராமத்தில் சின்ன வாழைப்பழம் வாங்கித் தின்றோம். ஒரு காப்பித் தோட்டத்து வேலியோரம் நின்று மிளகுக் கொடியை உன் கையில் கொடுத்தேன். டீக்கடைக்காரர், "பனிமூட்டம் எறங்கப் போகுது, சீக்கிரம் கெளம்புங்கம்மா" என்றார். நாம் இன்னொரு டீ சொன்னோம்.

இறங்க ஆரம்பித்து இரண்டு வளைவு தாண்டியதும் மூட்டம் வந்துவிட்டது. முதலில் மரங்களின் தலை போனது, பிறகு எதிர்வரிசை மரங்கள், பிறகு என் வண்டியின் முன்சக்கரம். விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி எதிரே நின்றது. நிறுத்திவிட்டேன்.

"என்ன தெரியுது?" என்றாய்.

"ஒண்ணுமே தெரியல."

"சும்மா சொல்லாத."

"நெசமா ஒண்ணுமே தெரியலடி. வெள்ளையா இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தாய். "எனக்கு இந்த ரோடு மனப்பாடம். மெதுவா உருட்டு. இப்ப இடது பக்கம் வளையும்."

உருட்டினேன். ரோடு வலது பக்கம் வளைந்தது. முன்சக்கரம் இடது பக்கத்துச் சேற்றில் இறங்கி நின்றது.

"ஏத்தா, ரோட்ட மாத்திட்டாய்ங்களா?" என்றாய். அவ்வளவு பயத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியைப் பிடித்துத் தூக்கக்கூட முடியாமல் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்று, தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூட்டம் விலகும்வரை அங்கேயே நிற்கலாம் என்றேன். "வளைவுல நின்னா பின்னால வாரவன் நம்ம மேல ஏத்திருவான். சொவரு எந்தப் பக்கம் இருக்கு?" என்றாய். பள்ளத்துப் பக்கம் இடுப்பளவு தடுப்புச் சுவர் ஓடியது. உன்னை அதனிடம் கூட்டிப்போனேன். இடது கையைச் சுவரில் வைத்தாய். "நான் முன்னால நடக்குறேன். என் சத்தத்துக்குப் பின்னால வண்டியத் தள்ளிட்டு வா. கியர்ல போட்டு, கிளட்ச்சப் புடிச்சுப் புடிச்சு விடு, உருண்டுறாம." நான் மறுப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாய்.

அப்படித்தான் இறங்கினோம். நீ சுவரைத் தடவிக்கொண்டே, "நேர்... நேர்... இங்க வளையிது... சொவரு ஒடஞ்சிருக்கு, ஒதுங்கி வா... நேர்..." என்று சொல்லிக்கொண்டே போனாய். நான் உன் குரலைத் தவிர எதையும் பார்க்காமல் வண்டியைப் பிடித்தபடி வந்தேன். அத்தனை மாதங்களாக நான் சொல்ல நீ வந்தாய். அன்று நீ சொல்ல நான் வந்தேன்.

ஒரு கொண்டை ஊசி திரும்பியதும் பள்ளமும் சுவரும் வலது பக்கம் வந்துவிட்டன. அது ஏறி வருகிற வண்டிகளின் பக்கம். திடீரென்று நின்றாய். "பஸ்" என்றாய். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "கீழ வளைவுல கியர் மாத்துறான். சொவரோட ஒட்டி நில்லு. ஹாரன அடிச்சுக்கிட்டே இரு." வண்டியைச் சுவரோடு சாய்த்து, ஹாரனில் வைத்த விரலை எடுக்காமல் நின்றேன். நீ என் முதுகில் ஒட்டிக்கொண்டாய். பிறகுதான் எனக்குக் கேட்டது. மஞ்சளாக ஒரு வெளிச்சம் புகையில் கரைந்து வந்தது, பெரிதானது, பிரேக் கிறீச்சிட்டது. பஸ்ஸின் முன்பக்கத் தகரம் என் முழங்கையை உரசாத குறையாக நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யாருத்தா அது? இந்த மூட்டத்துல நட்ட நடு ரோட்டுல?"

"கண்ணு தெரியலண்ணே!" என்று கத்தினாய்.

"எங்களுக்கும்தான் தெரியல!" என்று அவரும் கத்தினார்.

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். டிரைவர் திட்டிக்கொண்டே ஊர்ந்து நம்மைத் தாண்டினார். நீ ஒரு கணம் என் தோளில் நெற்றியை வைத்தாய். பிறகு, "நட" என்றாய்.

இன்னும் நெடுந்தூரம் நடந்தோம். ஒரு திருப்பத்தில், கதவைத் திறந்த மாதிரி, மூட்டம் நமக்கு மேலே நின்றுவிட்டது. கீழே சமவெளி முழுவதும் திறந்து கிடந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தேன். உன் இரண்டு உள்ளங்கையும் சுவரில் உரசி உரசித் தோல் போய், மணிக்கட்டு வரைக்கும் ரத்தம் வழிந்திருந்தது. வழியில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். பிறகு நிமிர்ந்து அந்த வெளியைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னடி? சொல்லு. என்ன தெரியுது?"

"முடியலடி."

"சொல்லுடி. இம்புட்டுத் தூரம் எதுக்கு நடந்து வந்தேன்?"

சொன்னேன். கண்மாய்கள் நிறைந்து, வெயில் பட்ட இடமெல்லாம் தகடு மாதிரி மின்னுகிறது என்றேன். தென்னந்தோப்புகள் இங்கிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரிகின்றன, நெல் வயல் மட்டும் எலுமிச்சைப் பச்சை என்றேன். மேகத்தின் நிழல் ஒன்று ஒரு கண்மாயைத் தாண்டி இன்னொரு கண்மாய்க்கு நடந்து போகிறது என்றேன். கீழே ரோட்டில் ஒரு டிராக்டர் சிவப்புப் புள்ளியாகப் போகிறது, அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் என்றேன். யாரோ என் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. நீ கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சமவெளிப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாய். நான் முடித்ததும், "தெரியுது" என்றாய்.

ஆறு மணிக்குச் சுகன்யாவுக்குப் போன் போட்டாய். "வந்துட்டோம்" என்று மட்டும் சொன்னாய். அடுத்த நாள் கைக்கட்டைப் பார்த்து அவள் கேட்டபோது முழுக் கதையும் சொல்லிவிட்டாய். அவள் அழுதாள் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

அதன்பிறகும் ஒன்றரை வருடம் போனோம். பாம்பன் பாலம் வரை போனோம். பிறகு ஒரு புதன்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நானும் என் வீட்டுக்காரரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அன்று இரவே எல்லாம் முடிந்துவிட்டது. ரோட்டில் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்த எல்லோரும் உன் வீட்டு வாசலில் நின்றார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கருமாதி முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் உலை வைத்தார். என்னைப் பார்த்து, "போகலியா?" என்றார். சாவியை எடுத்தேன். பின்னால் கனம் இல்லாத வண்டி பள்ளத்தில் எகிறியது. வளைவில் அளவுக்கு மீறிச் சாய்ந்தது. கீழக்குயில்குடி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பாறை முன்னால் நின்று, யாருமில்லாத இடத்தில், சத்தமாக, கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபிறகுதான் திரும்ப வண்டியோட்டத் தெம்பு வந்தது.

முந்தாநாள் சனிக்கிழமை சாயந்திரம் சுகன்யாவுக்குப் போன் செய்து, சிறுமலைக்குப் போவதாகச் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். "காலைல எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?" என்றாள்.

நேற்று விடிந்ததும் வாசலில் நின்றாள். கையில் புது ஹெல்மெட். கடைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. "நானும் வாரேன் சித்தி" என்றாள். ஏறி உட்கார்ந்தவள் என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நத்தம் தாண்டும்வரை பிடி தளரவில்லை. பழக்கத்தில் நான் ஆரம்பித்துவிட்டேன். "வலது பக்கம் மாந்தோப்பு, பூ விட்டிருக்கு, தூரத்துல பாத்தா துருப்பிடிச்ச மாதிரி இருக்கு..."

"சித்தி, எனக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றாள்.

சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சாணார்பட்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். முடியவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். சற்று நேரம் கழித்து, "அந்தத் தோப்புல நடுவுல நின்ன மரம் பட்டுப்போச்சு, நீங்க அதச் சொல்லல" என்றாள்.

மலையில் ஏறி, நீ நடக்கத் தொடங்கிய வளைவில் வண்டியை நிறுத்தினேன். வானம் சுத்தமாக இருந்தது. சுவரைக் காட்டினேன். அவள் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். அவ்வளவு சொரசொரப்பு.

"எது வரைக்கும் நடந்தாங்க?"

"கீழ. இங்கருந்து தெரியாது."

"நடப்போமா?"

வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தோம். அவள் சுவரோரமாகவே வந்தாள். பஸ் வந்த இடத்தைக் காட்டினேன். நின்று, ரோட்டின் அகலத்தைக் காலால் அளந்து பார்த்தாள். இன்னும் இறங்கினோம். வெயில் ஏறியது. "இம்புட்டுத் தூரமா?" என்று பாதி வழியில் கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். வியர்வையைத்தான் துடைத்தாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சுவரில் உட்கார்ந்தோம். கீழே சமவெளி. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாட்ட அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அதச் சொல்லுங்க சித்தி" என்றாள்.

"அது அன்னைக்கு இருந்தது. இப்ப அது இல்ல. இப்ப இருக்குறதச் சொல்றேன்."

சொன்னேன். கண்மாயில் பாதித் தண்ணீர்தான், வற்றிய இடத்தில் சேறு வெடித்துக் கிடக்கிறது, ஓரத்தில் எருமைகள். வயலெல்லாம் அறுத்தாகிவிட்டது, தாள் மட்டும் நிற்கிறது, வெள்ளை வேட்டியை வெயிலில் காயப்போட்ட மாதிரி. தூரத்தில் நான்கு வழிச்சாலையில் வண்டிகள் சத்தமில்லாமல் ஓடுகின்றன. நாற்பது வயது தாண்டும்வரை என் கண்ணில் பட்ட எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கோர்ட்டில் மற்றவர்கள் வார்த்தையைத் தட்டினேன், வீட்டில் கேட்டதற்குப் பதில் சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஒரு வாய் எனக்கு இருந்தது உனக்குத்தான் தெரிந்தது. என்னிடமிருந்து அதைப் பிடுங்கி வெளியே எடுத்தாய். இப்போது அதைத் திரும்ப உள்ளே வைக்க எனக்குத் தெரியவில்லை. வைக்கவும் மாட்டேன்.

சுகன்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் கண்ணைத் திறந்து, நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள்.

பிறகு எழுந்து மேலே நிமிர்ந்து பார்த்தாள். வளைவுக்குமேல் வளைவாக ரோடு ஏறிப் போய் மரங்களுக்குள் மறைந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. "பஸ் வந்தா ஏறிக்குவோமா சித்தி?" என்றாள். பாவமாக இருந்தது, முழங்காலும் வலித்தது. "வராது, நட" என்றேன். இரண்டு பேரும் ஏற ஆரம்பித்தோம்.